பேர்கண்டிச் சரிவிலே துவிச்சக்கர வண்டிப் பயணம்

பிரயாணம் போவோர் பலர். போகும் வழியை முன்னரே வகுத்துக்கொண்டு போவோர் சிலர். மோட்டார் வண்டியிற் செல்வோர்க்கு இவ்விரண்டுக்கும் உள்ள வேறுபாடு பெரிதாகத் தோன்றாது. வழி தவறினால் எண்ணெய் சற்றுக் கூடுதலாகச் செலவாகும், அவ்வளவே. துவிச்சக்கர வண்டியிற் செல்வோர்க்கோ வழியிலுள்ள ஒவ்வொரு மேடும் தம் காலாலேயே கொடுத்துத் தீர்க்கவேண்டிய கடனாகும். அதிலும் குடும்பமாகச் செல்லும்போது, ஒருவருக்கு விளையாட்டாயிருக்கும் மேடு இன்னொருவருக்குத் தண்டனையாகிவிடும். எல்லாரும் ஒன்றாகப் புறப்பட்டு ஒன்றாகத் திரும்பத்தக்க வழியை எங்ஙனம் தெரிந்தெடுப்பது? பிரான்ஸ் தேசத்தின் பேர்கண்டிப் பகுதியில் விடுமுறையைக் கழிக்கச் சென்றபோது எம்முன் நின்ற வினா இதுவே.

எம் குழுவில் ஐவர் இருந்தோம். நாம் இருவர், பாரிஸ் மாநகரில் நெடுங்காலமாகக் குடியிருக்கும் அத்தான், அவர்தம் மக்கள் இருவர். மகனுக்கு வயது 20. நாளொன்றுக்கு நூறு கிலோமீற்றர் ஓடினும் களைப்பறியாதவன். மகளுக்கு வயது 11. அத்தானுக்கோ 58, ஒரு முழங்காலிற் சத்திரசிகிச்சை செய்துகொண்டவர். இளமையில் யாழ்ப்பாணத்து வீதிகளிலே துவிச்சக்கர வண்டி ஓட்டிப் பழகியவர் அவர். “எங்கள் ஊரில் மேடு ஏது? சோளகக் காற்றுத்தான் எங்களுக்கு மேடு” என்று அவர் சொல்லிச் சிரித்தார். எனினும் அந்த முழங்காலை நினைந்து எமக்குக் கவலையே மிகுந்தது.

பாரிஸிலிருந்து விரைவுப் புகையிரதம் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் டிஜோன் நகரை அடைகின்றது. அந்நகரிலிருந்து தெற்கு நோக்கி ஏறத்தாழ ஐம்பது கிலோமீற்றர் தூரத்துக்கு நீண்டு கிடக்கும் ஒடுங்கிய மலைச்சரிவே பேர்கண்டியின் புகழ்பெற்ற முந்திரிகை நிலம். திராட்சை என்றும் முந்திரிகை என்றும் நாம் வழங்கும் கொடி யாழ்ப்பாணத்திலே பந்தலிற் படரக் காண்கின்றோம். இங்கோ அது இடுப்பளவு உயரத்திலே, கம்பி வேலியிற் கட்டப்பட்டு, வரிசை வரிசையாக நிற்கின்றது. வரிசைகளுக்கிடையே ஒரு மீற்றர் இடைவெளியே உண்டு. ஒரு ஹெக்டேயர் நிலத்தில் ஏறத்தாழ பத்தாயிரம் கொடிகள் நிற்கும். அதனால் இங்குள்ள உழவு இயந்திரங்கள் கொக்குப்போல நெடிய கால்களையுடையவை. கொடி வரிசையைக் கால்களுக்கிடையே விட்டு நடந்து செல்கின்றன.

இச்சரிவின் அமைப்பைத் தெரிந்துகொள்வதே வழி வகுத்தலின் முதற் பாடம். மேற்கே உச்சியிலே காடு. அதன்கீழ்க் கிழக்கு நோக்கிய சரிவிலே முந்திரிகை. அடிவாரத்திலே முன்னர் 74ஆம் இலக்கத் தேசிய வீதியாயிருந்து, இன்று ‘டி 974’ எனப் பெயர் பெற்ற பெருவீதி. அதற்குக் கிழக்கே புகையிரதப் பாதையும் தானிய வயல்கள் நிறைந்த சமவெளியும். சுண்ணாம்புக்கல் மிகுந்த நடுச்சரிவில் மழைநீர் தேங்காது வடிந்துவிடும். காலை வெயிலும் நன்கு விழும். ஆகவே மிகச் சிறந்த கொடிகள் அங்கேதான் வளர்கின்றன. இத்தோட்டங்கள் ‘கிளிமா’ எனப்படும் 1,247 துண்டுகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றும் தனித்தனிப் பெயர் பூண்டுள்ளன. 2015ஆம் ஆண்டில் யுனெஸ்கோ நிறுவனம் இவற்றை உலக மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்தது.

இந்த அமைப்பிலே துவிச்சக்கர வண்டிக்காரனுக்கு ஒரு விதி அடங்கியிருக்கின்றது. சரிவை ஒட்டி வடக்குத் தெற்காகச் சென்றால் வழி இலகு. சரிவைக் குறுக்கே வெட்டிக் கிழக்கு மேற்காகச் சென்றால் வழி கடினம். தேசப்படத்திலே இரண்டும் ஒரே நீளமான கோடுகளாகத் தோன்றலாம். காலுக்கு அவை ஒன்றல்ல.

தேசப்படத்தைப் படிக்கும் முறையையும் மாணவர்கள் பொருட்டு இங்கே கூறுவோம். பிரான்ஸ் தேசியப் புவியியல் நிறுவனம் வெளியிடும் 1:25,000 அளவுத்திட்டப் படத்தில் ஒரு சென்ரிமீற்றர் நிலத்தில் 250 மீற்றரைக் குறிக்கும். சமவுயரக் கோடுகள் நெருங்கியிருக்குமிடம் செங்குத்து, விலகியிருக்குமிடம் சமதரை. ஒரு கிலோமீற்றர் தூரத்தில் 50 மீற்றர் உயர்ந்தால் அது நூற்றுக்கு ஐந்து ஏற்றம். மிஷலின் வீதிப் படத்திலோ சிறு அம்புக்குறிகள் இடப்பட்டிருக்கும். ஓர் அம்பாயின் நூற்றுக்கு 5 முதல் 9 வரை. இரண்டாயின் 9 முதல் 13 வரை. மூன்றாயின் அதற்கும் மேல். அம்பின் முனை ஏறும் திசையைக் காட்டும். கைத்தொலைபேசியும் வழி காட்டத்தான் செய்கின்றது. ஆயினும் குறுகிய வழியைத் தேடும் அது சிலவேளைகளிற் கொடிகளுக்கிடையேயுள்ள மண்பாதையிலே கொண்டுபோய் விட்டுவிடும்.

நாம் தங்கியது போன் நகரிலே. 1443இல் நிக்கொலா ரொலன் என்ற அமைச்சர் ஏழை நோயாளருக்காக நிறுவிய மருத்துவசாலை, பலவண்ண ஓடுகள் வேய்ந்த கூரையோடு இங்கே இன்றும் நிற்கின்றது. அந்த அறச்சாலைக்குப் பலரும் கொடையாக வழங்கிய முந்திரிகைத் தோட்டங்களின் மது 1859ஆம் ஆண்டு முதல் ஏலத்தில் விற்கப்பட்டு வருகின்றது. நகரிலே வாடகைக்குத் துவிச்சக்கர வண்டிகளை அமர்த்திக்கொண்டு, மாலையிலே தேசப்படத்தை மேசைமீது விரித்தோம்.

மகன் மலைக்கு அப்பாலுள்ள கிராமங்களையெல்லாம் சுற்றிவர ஒரு பெருவட்டம் வரைந்தான். அத்தான் ஒன்றும் பேசாது அதனைப் பார்த்துக்கொண்டிருந்தார். பின்பு, “நீங்கள் போய் வாருங்கள், நான் விடுதியில் இருக்கிறேன்” என்றார். மகளின் முகம் வாடிவிட்டது. விடுமுறையின் முதல் நாளிலேயே குடும்பம் இரண்டாகப் பிரிவதா என்று நாம் வருந்தினோம்.

அப்பொழுது எமக்குக் கைகொடுத்தது ‘முந்திரிகைப் பாதை’ எனப் பொருள்படும் பெயருடைய வழி. போன் நகரிலிருந்து பொமார், வொல்னே, மேர்சோ, புலிஞி, ஷசாஞ் ஆகிய கிராமங்களின் வழியாகச் சாந்தனே வரை, ஏறத்தாழ 22 கிலோமீற்றர், சரிவை ஒட்டியே அது செல்கின்றது. பெருவீதியின் வாகன நெரிசல் அங்கில்லை. பயணத்தை முடித்துக்கொள்ள அயலிலே ஷாஞி புகையிரத நிலையம் உண்டு. துவிச்சக்கர வண்டிகளையும் ஏற்றிக்கொண்டு கால் மணி நேரத்துக்குள் போன் நகருக்குத் திரும்பிவிடலாம். திரும்பி ஓடவேண்டியதில்லை என்று அறிந்ததும் அத்தானின் முகம் மலர்ந்தது.

மகனின் ஆசையையும் நாம் தள்ளிவிடவில்லை. மேர்சோ வரை எல்லாரோடும் வந்து, அங்கிருந்து அவன் மட்டும் மேற்கே பிரிந்து செய்ன் ரொமேன், லா ரொஷ்போ என்னும் மலைக் கிராமங்களைச் சுற்றி, செய்ன் ஒபேன் வழியாக இறங்கி, ஷசாஞ் தேவாலயத்தின் முன்னே எம்மை மீண்டும் சந்திப்பது என்று முடிவாயிற்று. எமக்கு ஏழெட்டுக் கிலோமீற்றர். அவனுக்கோ ஏறக்குறைய அதன் மூன்று மடங்கு. தூரம் வேறு, நேரம் ஒன்று.

மறுநாள் காலை ஏழு மணிக்கே புறப்பட்டோம். கொடிகளுக்கிடையே நிழல் மரங்கள் அரிது; கிழக்கு நோக்கிய சரிவாதலால் யூலை மாதத்து வெயில் நண்பகலுக்கு முன்னரே சுடத் தொடங்கிவிடும். நம் நாட்டைப்போலன்றி வலப்பக்கமாகவே ஓட்டவேண்டும் என்பதை ஒவ்வொரு சந்தியிலும் ஒருவருக்கொருவர் நினைவூட்டினோம். பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் தலைக்கவசம் அணியவேண்டும் என்பது 2017 முதல் அங்குள்ள சட்டம். மது அருந்துவோர்க்கு விதிக்கப்பட்டுள்ள அளவுக் கட்டுப்பாடு துவிச்சக்கர வண்டிக்காரருக்கும் உண்டு. முந்திரிகை நாட்டிலே இதனை மறந்துவிடலாகாது. கிராமத்துக் கடைகள் பல நண்பகலிற் கதவடைத்துவிடுமாதலால் பாணும் பாற்கட்டியும் முன்னரே வாங்கிக்கொண்டோம். தண்ணீருக்கு நல்ல இடம் எதுவெனில், வாசகர்கள் வியக்கலாம், கிராமத்து மயானம்! மலர்ச்செடிகளுக்கு நீர் வார்ப்பதற்காக அங்கே குழாய் வைத்திருப்பார்கள். குடிக்கத்தகாத நீர் என்ற அறிவிப்பு இருக்கின்றதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளவேண்டும்.

வொல்னேக் கிராமத்து ஏற்றத்தில் அத்தான் இறங்கி வண்டியை உருட்டத் தொடங்கினார். நாமும் இறங்கினோம், மகளும் இறங்கினாள், சற்று முன்னே சென்றுவிட்ட மகனும் திரும்பிப் பார்த்து இறங்கிக்கொண்டான். ஐந்து நிமிடம் யாவரும் நடந்தோம். இச்சரிவின் வடபாதியிலே 2024ஆம் ஆண்டு யூலை 5ஆந் திகதி பிரான்ஸ் சுற்றுப் போட்டியின் ஒரு கட்டம் நடந்தது, 25.3 கிலோமீற்றரை ரெம்கோ எவனபோல் என்னும் வீரர் 28 நிமிடம் 52 விநாடியிற் கடந்து வென்றார். எமக்கோ 22 கிலோமீற்றருக்கு ஒரு காலைப்பொழுது முழுவதும் வேண்டியிருந்தது. வீரரின் விரைவிலே கொடிகளின் வேர்மண் வொல்னேயில் ஒரு நிறமும் மேர்சோவில் வேறு நிறமுமாக மாறுவது தெரிந்திராது.

ஷசாஞ் தேவாலயத்தின் முன் நாம் பாணைப் பங்கிட்டுக்கொண்டிருக்கையில், வியர்வை சொட்ட மகன் வந்து சேர்ந்தான். “அப்பா, நடந்தா வந்தீர்கள்?” என்று கேட்டான். “ஐந்து நிமிடந்தான், மிச்சமெல்லாம் ஓட்டம்” என்றார் அத்தான், பெருமையோடு.

பின்னைய நாட்களிலும் இம்முறையையே கைக்கொண்டோம். ஷாஞியிலிருந்து ஷலோன் நகர் நோக்கி வாய்க்காற் கரையோரமாகச் சமதரைப் பாதை செல்கின்றது. ஜிவ்ரியிலிருந்து குளுனி வரை, கைவிடப்பட்ட புகையிரதப் பாதையையே 1997இல் துவிச்சக்கர வண்டிக்காரருக்கென மாற்றியமைத்திருக்கிறார்கள். நீளம் 44 கிலோமீற்றர். புகையிரதம் செங்குத்தில் ஏறமாட்டாது. ஆகவே அது ஓடிய தடத்திலே முழங்காலும் வருந்தாது.

பயணத்துக்கு வழி வகுக்க விரும்பும் இளைஞர்கள், முதலில் தேசப்படத்தை விரிக்குமுன் தம்மோடு வருவோரை ஒருமுறை எண்ணிப் பார்ப்பார்களாக. மெலிந்தவரின் காலுக்கு ஏற்ற கோட்டை முதலில் வரைக. வலியவனுக்கான சுற்று வழியை அதனோடு பின்னர் இணைத்துக்கொள்ளலாம். சந்திக்கும் இடத்தையும் நேரத்தையும் குறித்துக்கொள்வதே முக்கியம்.