மிச்சம்

சென்ற ஞாயிற்றுக்கிழமை எதிர்வீட்டுப் பெண் அகராதியும் கையுமாக வந்து நின்றாள்.

"மாமா, எக்ஸெஸ், ஸர்ப்ளஸ், ஸர்ஃபிட், ரிடண்டண்ட் எல்லாவற்றுக்கும் 'மிகுதி' என்றே போட்டிருக்கிறதே! பொருள் ஒன்று என்றால் வார்த்தை நாலு எதற்கு?"

கதை எழுதுகிறவனிடம் வார்த்தையைப் பற்றிக் கேட்டால் போதாதா? உற்சாகமாக ஆரம்பித்துவிட்டேன்.

"சாம்பாரில் உப்புக் கூடிப் போனால் எக்ஸெஸ். எல்லை தாண்டுவது என்று அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள். தாண்டியதால் கெடுதல். எல்லோரும் சாப்பிட்ட பிறகு பானையில் நிற்கிறதே சோறு, அது ஸர்ப்ளஸ். தேவை தீர்ந்து மீந்தது. அதனால் யாருக்கும் கெடுதல் இல்லை. திகட்டத் திகட்டத் தின்று, பண்டத்தின் பெயரைக் கேட்டாலே குமட்டினால் ஸர்ஃபிட். இங்கிலாந்து அரசர் முதலாம் ஹென்றி வைத்தியர் சொல்லைக் கேளாமல் லாம்ப்ரே என்ற மீனைத் தின்று, 1135-இல் இறந்தார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் ஒருவர் எழுதி வைத்தார். இந்த வார்த்தை அந்தச் சாவோடு இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. ரிடண்டண்டுக்குள் 'அலை' என்ற லத்தீன் சொல் இருக்கிறது. பொங்கி வழிவது. சொன்னதையே சொன்னாலும் அதுதான். பிரிட்டனில், இனித் தேவையில்லை என்று வீட்டுக்கு அனுப்பப்படும் தொழிலாளிக்கும் அதே பெயர். அவர்களுக்கு நஷ்டஈடு கொடுக்க 1965-இல் சட்டமே போட்டார்கள்."

பெண்ணைக் கூப்பிட வந்த அவள் தகப்பனார் வாசற்படியிலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்ததை அப்போதுதான் கவனித்தேன். இருபத்திரண்டு வருஷம் உழைத்த கம்பெனி போன வருஷம் அவரை அனுப்பிவிட்டது.

"எனக்கு வந்த கடிதாசியில் ஸர்ப்ளஸ் என்றுதான் ஸார் போட்டிருந்தது. அப்படியானால் நான் பானையில் நிற்கிற சோறா?" என்று சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் கற்ற லத்தீன் மூலம் ஒன்றும் கைகொடுக்கவும் இல்லை.

"அதற்குத் தமிழில் மிச்சம் என்று பெயர் அப்பா" என்றாள் பெண். "அம்மா மிச்சம் பிடித்த பணத்தில்தானே இந்த வருஷம் எனக்குப் பள்ளிக்கூடச் சம்பளம் கட்டினோம்?"

அவர் ஒன்றும் பேசாமல் அவள் தலையைத் தடவி அழைத்துக்கொண்டு போனார்.

அன்று இரவு சாப்பாடு முடிந்ததும், மீந்த சோற்றில் என் மனைவி தண்ணீர் ஊற்றி மூடி வைத்தாள். மறுநாள் காலை எனக்கு அதுதான் ஆகாரம். அவர் கேட்டபோது இதைச் சொல்லத் தோன்றாமல் போயிற்றே என்று வெகுநேரம் தூக்கம் வரவில்லை.