உதவியாளராய் நின்ற ஆண்டுகள்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

முன்பெல்லாம் நம் பகுதிப் பெற்றோர் பிள்ளைகளின் பிழைப்பைப் பற்றிக் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே விதமாக இருந்தன. எந்த நாட்டுக்குச் சஃபர் அனுப்பலாம், வட்டி கலந்த வேலையா, கடைப் பங்கில் சேரலாமா என்பன அவை. அறந்தாங்கி முதல் கோட்டைப்பட்டினம் வரையுள்ள ஊர்களில் இன்று வேறொரு கேள்வியும் நம் காதில் விழுகிறது. “மகன் கிதார் கற்றுக்கொண்டிருக்கிறான். சென்னையில் ஒலிப்பதிவுக் கூடமொன்றில் உதவியாளனாகச் சேரப் போகிறானாம். பிறகு மேடைகளில் வாசிப்பானாம், பாட்டும் எழுதுவானாம். மார்க்கம் என்ன சொல்கிறது?”

இதற்கு ஒற்றைச் சொல்லில் விடை கூறுவது எளிது. ஆனால் அந்த ஒற்றைச் சொல்லைக் கேட்ட பிள்ளை கிதாரை விடுவதில்லை, பள்ளிவாசலைத்தான் விட்டுவிடுகிறான். ஆகவே சட்டத்தையும் சொல்ல வேண்டும், அந்தப் பாதையின் நீளத்தையும் சொல்ல வேண்டும் என்று கருதுகிறோம்.

முதலில் சட்டம். நம் மாவட்டத்தில் ஹனஃபி மத்ஹபினரும் ஷாஃபி மத்ஹபினரும் வாழ்கிறார்கள். நரம்பிசைக் கருவிகளைப் பொறுத்தவரை இரு மத்ஹபுகளின் பெரும்பான்மை அறிஞர்களும் விலக்கல் பக்கமே நிற்கின்றனர். தஃப் அடிப்பதற்குத் திருமணம், பெருநாள் போன்ற வேளைகளில் இடமுண்டு. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் இசை கேட்டலுக்கென்றே தனியொரு பாகத்தை ஒதுக்கி, கருவி எந்தச் சூழலோடு பிணைந்துள்ளது என்பதை ஆராய்ந்தார். அந்தலூசியாவின் இப்னு ஹஸ்ம் (ரஹ்), விலக்கலுக்குக் காட்டப்படும் ஹதீஸ்கள் போதிய வலுவற்றவை என்று வாதிட்டு அனுமதியின் பக்கம் நின்றார். கருத்து வேறுபாடு உண்டு என்பதை மறைப்பதும் நேர்மையன்று. பெரும்பான்மையின் கூற்றை மறைப்பதும் நேர்மையன்று. நாம் பெரும்பான்மையின் கூற்றையே பின்பற்றுகிறோம், அதையே போதிக்கிறோம்.

எனினும் கிதார் நமக்கு முற்றிலும் அந்நியமான பொருள் என்று எண்ணிவிடக் கூடாது. 9ஆம் நூற்றாண்டில் பாக்தாதிலிருந்து புறப்பட்டுக் குர்துபாவை அடைந்த ஸிர்யாப் என்னும் இசைஞர், ஊது என்ற நரம்புக் கருவிக்கு ஐந்தாம் தந்தியைச் சேர்த்தவராகப் போற்றப்படுகிறார். கிரேக்கத்தின் ‘கிதாரா’ என்ற சொல் அரபியின் ‘கீதாரா’வாகி, ஸ்பானிய மொழி வழியே ‘கிதார்’ ஆயிற்று. ஆகவே இக்கேள்வி இன்று புதிதாய் முளைத்ததன்று. நம் முன்னோர் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக இதை ஆராய்ந்து வந்துள்ளனர்.

இனிப் பாதையின் நீளத்தைப் பார்ப்போம். கிதார் கலைஞராக இருந்து பாடல் படைப்பவராக உயர்ந்தவர்களுள் தமிழகம் முழுதும் அறிந்தவர் இளையராஜா. 1943இல் இன்றைய தேனி மாவட்டத்துப் பண்ணைப்புரத்தில் பிறந்தார். பதின்ம வயதிலேயே அண்ணன் பாவலர் வரதராசனின் இசைக்குழுவோடு ஊர் ஊராகச் சென்றார். 1968இல் சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் மேற்கத்திய இசையை முறையாகப் பயிலத் தொடங்கினார். லண்டன் டிரினிட்டி கல்லூரியின் கிதார்த் தேர்வில் தங்கப் பதக்கம் பெற்றார். அதற்குப் பின்னும் அவருக்கு வாய்த்தது பிறருடைய பாடல்களுக்குக் கூலிக்குக் கிதார் வாசிக்கும் வேலைதான். ஜி. கே. வெங்கடேஷ் என்ற இசையமைப்பாளரிடம் உதவியாளராகச் சேர்ந்து, ஏறத்தாழ 200 படங்களில் பணியாற்றினார்; அவற்றுள் பெரும்பாலானவை கன்னடப் படங்கள். பதிவுகளுக்கு இடையே கிடைத்த ஓய்வு நேரங்களில், தாம் எழுதிய இசைக் குறிப்புகளை வாத்தியக்காரர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லிக் கேட்டுப் பார்ப்பாராம். 1976இல் ‘அன்னக்கிளி’ வெளிவந்த பிறகே அவர் பெயர் நாட்டுக்குத் தெரிந்தது.

1968 முதல் 1976 வரை எட்டு ஆண்டுகள். நபிமார்களோடு எவரையும் ஒப்பிடுவது நம் நோக்கமன்று, அல்லாஹ் காப்பானாக. ஆனால் எட்டு ஆண்டுகள் என்றதும் மத்யனில் மூஸா (அலை) செய்துகொண்ட ஒப்பந்தம் ஓர் ஆலிமின் நினைவுக்கு வராமல் இராது. எட்டு ஆண்டுகள் பணி செய்ய வேண்டும், பத்தாக நிறைவு செய்தால் அது அவருடைய விருப்பம் என்பது அந்த ஒப்பந்தம் என்று சூரத்துல் கஸஸ் கூறுகிறது. நீண்ட தவணையையே அவர் நிறைவேற்றினார் என்று இப்னு அப்பாஸ் (ரலி) விளக்குகிறார்கள். ஃபிர்அவ்னின் அவையில் நின்று பேச வேண்டியவரை, வல்ல இறைவன் முதலில் பிறர் ஆடுகளுக்குப் பின்னே நடக்க வைத்தான். பணிவிடைக் காலம் வீணான காலமன்று என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று நமக்குத் தேவையில்லை.

நம் மாவட்டத்து மண்ணும் இதையே சொல்கிறது. குடுமியான்மலைப் பாறையில் 7ஆம் நூற்றாண்டினதாக அறிஞர்கள் கருதும் இசைக் கல்வெட்டு இருக்கிறது. அதை ஆக்குவித்த அரசன் தன்னை உருத்திராசாரியாரின் மாணவன் என்றே குறிப்பிட்டுக்கொள்கிறான். மாணவர்களின் நன்மைக்காகவே அதைச் செய்ததாகவும் அதில் சொல்லப்பட்டுள்ளது. கஞ்சிராவைக் கச்சேரி மேடைக்குக் கொண்டுவந்த புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை, தொடக்கத்தில் விளக்கேந்தும் பணியில் இருந்தவர் என்று சொல்லப்படுகிறது. அவர்கள் நம் மார்க்கத்தவர் அல்லர். ஆயினும் கல்வியின் ஒழுக்கத்தை யாரிடம் கண்டாலும் மதிக்க வேண்டியது நம் கடமை.

மதரஸாவில் ‘சனது’ என்று ஒன்று உண்டு. யாரிடம் ஓதினோம், அவர் யாரிடம் ஓதினார் என்ற சங்கிலி அது. ஒலிப்பதிவுக் கூடத்திலும் அதைப் போன்ற ஒரு தொடர்ச்சி இருக்கிறது. வெங்கடேஷிடம் இளையராஜா நின்றார். இளையராஜாவின் குழுவில் கீபோர்டு வாசித்த இளைஞர்களுள் ஒருவர், பின்னாளில் இஸ்லாத்தைத் தழுவிய ஏ. ஆர். ரஹ்மான். ஒன்பது வயதில் தந்தையை இழந்த அவருடைய குடும்பம், தந்தை விட்டுச்சென்ற கருவிகளை வாடகைக்கு விட்டு வாழ்ந்தது. பல இசையமைப்பாளர்களிடம் ஆண்டுக்கணக்கில் வாசித்த பிறகே 1992இல் ‘ரோஜா’ வந்தது. 2009இல் ஆஸ்கர் மேடையில் புகழ் அனைத்தையும் இறைவனுக்கே உரித்தாக்கித் தமிழில் அவர் சொன்ன வார்த்தையை நாம் அனைவரும் பாராட்டினோம். ஆனால் அந்த மேடைக்கு முன்னிருந்த ஆண்டுகளைப் பற்றி நம் பிள்ளைகளிடம் எத்தனை பேர் பேசுகிறோம்?

நம்மிடம் குர்ஆன் ஓதிய மாணவர் ஒருவர் சில ஆண்டுகளாகச் சென்னையில் இத்தகைய உதவியாளராக இருக்கிறார். கம்பிவடங்களை முறுக்கு விழாமல் சுற்றி வைப்பது, மைக்குகளை நிறுத்துவது, குளிர்சாதனக் காற்றில் இளகியோ இறுகியோ போகும் கிதாரின் ஆறு தந்திகளையும் மீண்டும் மீண்டும் சுருதி சேர்ப்பது, எந்தப் பதிவு சரியாக வந்தது என்று குறித்து வைப்பது ஆகியவை அவர் வேலை. தேநீர் வாங்கி வருவதும் உண்டு. கடந்த ரமளானில் தொலைபேசியில் அழைத்து, “ஹஜ்ரத், இங்கே ஜன்னலே இல்லை. வெளியே பொழுது சாய்ந்ததே தெரியவில்லை. சிவப்பு விளக்கு எரியும்போது கதவைத் திறக்கவும் முடியாது. மஃக்ரிபு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது” என்றார்.

அவர் அதைச் சொன்ன தொனியில் கண்ணீர் இருந்தது. கருவியைப் பற்றிய நம் நிலையை அவர் முன்பே அறிவார். அதை நாம் மாற்றிச் சொல்லவில்லை. ஆயினும் தொழுகை தவறிவிடுமே என்று அஞ்சும் உள்ளத்தைக் கடிந்து விரட்டுவது எவ்வகையில் தஃவாவாகும்? “பதிவு தொடங்குமுன் மேலாளரிடம் தொழுகை நேரத்தைச் சொல்லி வையுங்கள். மது வைக்கும் விருந்துகளில் உட்காராதீர்கள். நாள்தோறும் ஒரு பக்கமாவது ஓதுங்கள். ஒலியைப் பதியும் கலையையும் கருத்தாகக் கற்றுக்கொள்ளுங்கள், அந்தக் கலைக்கு ஹலாலான வாசல்கள் பல உள்ளன” என்றோம். பெருநாளுக்கு ஊர் வந்தவர், மிஹ்ராபில் வெகுகாலமாகக் கீச்சிட்டுக்கொண்டிருந்த ஒலிபெருக்கியை அரை மணி நேரத்தில் சரிசெய்து கொடுத்தார். அன்று இமாமின் கிராஅத் கடைசி ஸஃப்பு வரை தெளிவாகக் கேட்டது.

கூலியைப் பற்றியும் அவரிடம் பேசினோம். வாய்ச்சொல்லை நம்பி மாதக்கணக்கில் உழைத்துவிட்டு, பேசியதில் பாதியைப் பெற்றுத் திரும்பும் பிள்ளைகள் எல்லாத் தொழிலிலும் உண்டு. குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கவும் சாட்சி வைக்கவும் கட்டளையிடும் வசனமே. உழைத்தவரின் வியர்வை உலரும் முன் கூலியைக் கொடுக்கப் பணித்தது நம் நபி (ஸல்) அவர்களின் வழிகாட்டல். வாத்தியம் வாசிப்பவர் அன்றைய பதிவுக்கு உரிய ஊதியத்தை நம்பி வாழ்கிறார். பாடலைப் படைப்பவருக்கோ உரிமைத்தொகை உண்டு. திரையரங்குக்கு வெளியே பாடல் பயன்படும்போது கிடைக்கும் அந்தப் பங்கைத் தயாரிப்பாளருக்கு எழுதிக் கொடுத்துவிட முடியாதபடி, 2012ஆம் ஆண்டின் பதிப்புரிமைத் திருத்தச் சட்டம் பாதுகாக்கிறது. உதவியாளர் நிலையிலிருந்து படைப்பாளர் நிலைக்கு உயர்வது பெயரின் உயர்வு மட்டுமன்று. கூலியாள் உரிமையாளராகும் மாற்றமும் அதில் இருக்கிறது. இதை அறியாமல் புறப்படும் பிள்ளை எந்தத் தொழிலிலும் ஏமாறுவான்.

இறுதியாக, கிதாரைக் கீழே வைத்த ஒருவரைப் பற்றியும் சொல்ல வேண்டும். லண்டனில் 1948இல் பிறந்து, கேட் ஸ்டீவன்ஸ் என்ற பெயரில் உலகப் புகழ்பெற்ற பாடகர் அவர். தாமே எழுதி, தாமே கிதார் மீட்டிப் பாடியவர். அண்ணன் தந்த குர்ஆன் மொழிபெயர்ப்பு அவர் உள்ளத்தைத் திறந்தது. 1977இல் இஸ்லாத்தை ஏற்று யூசுஃப் இஸ்லாம் ஆனார். புகழின் உச்சியிலிருந்து இறங்கி, தம் கிதார்களை ஏலத்தில் விற்று அறப்பணிக்குக் கொடுத்தார். 1983இல் லண்டனில் முஸ்லிம் குழந்தைகளுக்கெனப் பள்ளியொன்றை நிறுவினார். நெடுங்காலத்துக்குப் பின், மகன் வீட்டுக்குக் கொண்டுவந்த கிதார் ஒன்று அவரை மீண்டும் அதன்பால் திருப்பியது. 2006இல் புதிய இசைத்தொகுப்பை வெளியிட்டார். அவர் திரும்பியதை ஏற்பவரும் உண்டு, ஏற்காதவரும் உண்டு. நாம் கவனிப்பது வேறொன்று. விட்டபோது அல்லாஹ்வுக்காக என்று விட்டார். விட்ட இடத்தை வெறுமையாக வைக்காமல் அங்கே ஒரு பள்ளிக்கூடத்தைக் கட்டினார்.

பெற்றோர்களே! “விட்டுவிடு” என்று பிள்ளையிடம் சொல்லும் உரிமை உங்களுக்கு உண்டு. அப்படிச் சொல்லும்போது, விட்ட இடத்தில் எதை வைப்பது என்பதையும் அவனோடு உட்கார்ந்து பேசுங்கள். உங்கள் சொல்லைக் கேளாமல் அவன் போய்விட்டாலும் வீட்டுக் கதவையும் பள்ளிவாசல் கதவையும் தாழிடாதீர்கள். ஆலிம்களே! பெரும்பான்மையின் சட்டத்தைத் தயங்காமல் சொல்லுங்கள். சொன்ன பின்னும் அவன் அழைத்தால் தொலைபேசியை எடுங்கள்.

இளைஞர்களே! எந்தத் தொழிலுக்குப் போனாலும் முதல் எட்டு ஆண்டுகள் பிறர் பெயரின் நிழலில் நிற்க வேண்டியிருக்கும். அந்த நிழலில் தொழுகையும் நாணயமும் தவறாமல் நிற்பவரே பிறகு வெயிலிலும் நிலைப்பார்.

வல்ல இறைவன் நம் பிள்ளைகளின் செவிக்கும் கரத்திற்கும் அவன் தந்த ஆற்றல்களை அவன் பொருந்திக்கொள்ளும் வழியில் செலவிடச் செய்து, தூய ரிஸ்கை அவர்களுக்கு விசாலமாக்கியருள்வானாக. ஆமீன். வஸ்ஸலாம்.