ஆறாம் மாதத்திற்குப் பின்

கருவில் இருக்கும்போதே தாயின் குருதியிலிருந்து நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தையைச் சென்றடையும் எதிர்ப்பொருள்கள், அதாவது கிருமிகளை அடையாளம் கண்டு முடக்கும் புரதங்கள், பிறந்த பின் மெல்லக் குறைந்து ஏறத்தாழ 6ஆம் மாத அளவில் பெரும்பாலும் தீர்ந்துவிடுகின்றன. குழந்தை தனக்கென எதிர்ப்பாற்றலைத் திரட்டிக்கொள்வதோ அதன்பின் பல ஆண்டுகள் நீளும் வேலை. சளிக்குக் காரணமான ரைனோவைரஸில் மட்டுமே 100க்கும் மேற்பட்ட வகைகள் இருப்பதாலும், ஒன்றை வென்ற உடல் அடுத்ததைத் தடுத்துவிடும் என்ற உறுதி இல்லாததாலும், நன்கு வளரும் குழந்தைக்குக்கூட ஆண்டுக்கு 6 முதல் 8 முறை சளி பிடிப்பதை மருத்துவம் இயல்பெனவே கொள்கிறது. ஒவ்வொரு முறையும் காய்ச்சல் விட்ட பிறகும் இருமல் இரண்டு வாரம் வரை இழுப்பதுண்டு. ஆகவே, தனித்தனியாக வந்து போகும் இந்நோய்கள் வீட்டாரின் கண்ணுக்கு முடிவே இல்லாத ஒரே நோயாகத் தோன்றுகின்றன.

இந்த இயல்பைக் குடும்பத்திற்கு முன்கூட்டிச் சொல்வார் அரிதாக இருப்பதால், பழி தாயின் மேல் விழுகிறது. பனியில் தூக்கிப் போனாயா, தலைக்கு ஊற்றினாயா, பிள்ளை இப்படி இளைத்துவிட்டதே என்று உறவினர் அன்போடு கேட்கும் ஒவ்வொரு கேள்விக்குள்ளும் ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. இரவெல்லாம் அனத்தும் பிள்ளையைத் தோளில் போட்டு நடந்தவளுக்கு அதைத் தாங்குவது காய்ச்சலைத் தாங்குவதைவிடக் கடினம். தந்தையிடம் இக்கேள்விகளை எவரும் கேட்பதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பழிக்கு அஞ்சும் வீடு எதையாவது செய்துவிடத் துடிக்கிறது. வைரஸால் வரும் சளியில் பாக்டீரியாவைக் கொல்லும் ஆன்டிபயாட்டிக் மருந்துக்கு வேலையே இல்லை; இருமல், சளி மருந்துகளில் பரவலாகச் சேர்க்கப்படும் குளோர்பெனிரமின், பினைலெப்ரின் கூட்டை 4 வயதுக்கு உட்பட்டோருக்குத் தரக்கூடாது என்று இந்திய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையே 2023 டிசம்பரில் அறிவுறுத்தியது. ஒரு வயது நிறையாத குழந்தையின் நாவில் தேன் தடவுவதும் தவிர்க்க வேண்டியதே; தேனில் இருக்கக்கூடிய ஒருவகை நுண்ணுயிர் அதன் குடலில் நஞ்சை உண்டாக்கக்கூடும்.

இச்சூழலில் காத்திருப்பது கைகட்டி நிற்பதாகக் கருதப்படுகிறது. ஆனால் பால் குடிக்கிறதா, வழக்கம்போல் சிறுநீர் கழிக்கிறதா, காய்ச்சல் தணிந்த வேளையில் விளையாட எழுகிறதா என்று பார்ப்பதும், அழாமல் இருக்கும்போது ஒரு நிமிடம் முழுவதும் மூச்சை எண்ணிப் பார்ப்பதும் முழுமையான பராமரிப்பே ஆகும். ஒரு வயதுக்கு மேற்பட்ட குழந்தைக்கு நிமிடத்திற்கு 40ஐயும், 2 மாதம் முதல் ஒரு வயது வரை 50ஐயும் மூச்சு எட்டினால், அல்லது விலா எலும்புகளுக்குக் கீழ் மார்பு உள்வாங்கினால், நிமோனியா எனப்படும் நுரையீரல் அழற்சியை ஐயுற்று உடனே மருத்துவரிடம் செல்ல வேண்டும். குடிக்க மறுத்தாலும், வலிப்பு வந்தாலும், எழுப்பியும் கண் விழிக்காமல் துவண்டு கிடந்தாலும் அப்படியே. இக்குறிகளைக் கற்ற பெற்றோரால்தான் மற்ற நாட்களில் அச்சமின்றிக் காத்திருக்க முடியும்.

காத்திருப்பதற்கோ நேரம் வேண்டும். 2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் வகுத்த மகப்பேறு விடுப்பு 26 வாரம். தாய் தந்த எதிர்ப்பொருள்கள் தீர்ந்து குழந்தை நோய்களின் காலத்துக்குள் நுழையும் வேளையில், அவ்விடுப்பும் முடிந்து அது காப்பகம் போகத் தொடங்குகிறது. மத்திய அரசுப் பெண் ஊழியருக்குப் பணிக்காலம் முழுவதற்குமாக 730 நாள் குழந்தைப் பராமரிப்பு விடுப்பு உண்டு. நாட்கூலிக்குச் செல்லும் பெண்ணுக்கு அதில் ஒரு நாள்கூட இல்லை. காலையில் பாராசிட்டமால் கொடுத்துக் காய்ச்சல் தணிந்த இடைவெளியில் பிள்ளையைப் பால்வாடியில் விடுகிறவள், நண்பகலில் உடம்பு மீண்டும் சுடும் என்பதை அறிந்தேதான் விடுகிறாள். மாலையில் மருத்துவரிடம் ‘ஒரே நாளில் கேட்கிற மருந்தாகக் கொடுங்கள்’ என்று அவள் மன்றாடுவதும், வேண்டாத ஆன்டிபயாட்டிக் அந்தச் சீட்டில் இடம்பெறுவதும் பெரும்பாலும் மறுநாள் கூலியை எண்ணித்தான்.