லிட்டரா, கிலோவா?

ஒரு செக்கு எண்ணெய்க் கடைப் பலகையில் நல்லெண்ணெய் கிலோ 400 ரூபாய். நாலு கடை தள்ளி இன்னொரு செக்கில் லிட்டர் 380. இருபது ரூபாய் மிச்சமாகிறதே என்று கால் தானாக இரண்டாவது கடைக்குத்தான் போகும். ஆனால் எண்ணெய் தண்ணீரைவிட லேசு. ஒரு லிட்டர் நல்லெண்ணெயை நிறுத்தால் ஏறக்குறைய 910 கிராம்தான் தேறும். 380-ஐ 0.91-ஆல் வகுத்துப் பாருங்கள்: கிலோ கிட்டத்தட்ட 418 ரூபாய். மலிவென்று போன கடையில்தான் விலை கூடுதல். இரண்டு பலகையிலும் பொய் இல்லை. ஒருவர் தராசில் விற்கிறார், மற்றவர் அளவையில் விற்கிறார், அவ்வளவுதான்.

எண்ணெய் சூட்டில் விரியும் என்பது இன்னொரு சிக்கல். சில பாக்கெட்டுகளில் 'ஒரு லிட்டர்' என்று பெரிதாகப் போட்டு, பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு வெப்பநிலையையும் சேர்த்திருந்தார்கள். அது 60 டிகிரி வரைகூடப் போனது. விரிந்த எண்ணெயில் லிட்டர் சீக்கிரம் நிரம்பிவிடும், எடை குறைந்து நிற்கும். வேலூர் அக்கினி நட்சத்திரத்தில்கூட அறுபது டிகிரி அடிக்காது! 2022-இல் மத்திய அரசு தலையிட்டு, வெப்பநிலையைப் போடாமல் அளவைக் குறிப்பிட்டு, எடையையும் சரியாக அச்சிடச் சொன்னது.

பாக்கெட் சாமான்களுக்கு இந்த வகுத்தல் வேலையை நமக்குப் பதிலாகக் கம்பெனிக்காரர்களே செய்துதர வேண்டும் என்று 2021-இல் ஒரு விதித் திருத்தம் வந்தது. எம்.ஆர்.பி.யோடு அலகு விலையும் அச்சிட வேண்டும். நல்ல ஏற்பாடுதான். ஆனால் ஒரு கிலோவுக்குக் குறைந்த பொட்டலமென்றால் கிராமுக்கு விலை, கூடியதென்றால் கிலோவுக்கு விலை. 900 கிராம் பருப்பின் மேல் 0.18 என்று இருக்கும், இரண்டு கிலோப் பொட்டலத்தின் மேல் 175 என்று இருக்கும். தள்ளுவண்டியும் கையுமாக நிற்பவர் இதில் எதை எதோடு ஒப்பிடுவார்?

அதைவிட வேடிக்கை, தசமத்துக்குப் பின் இரண்டு இலக்கத்தோடு நிறுத்திக்கொள்வது. அரை கிலோ 88 ரூபாய் என்றால் கிராம் 0.176. இன்னொரு கம்பெனியில் அரை கிலோ 92 என்றால் 0.184. இரண்டையும் முழுமைப்படுத்தினால் 0.18 என்றே அச்சாகும். கிலோவுக்கு எட்டு ரூபாய் வித்தியாசம் அந்த இரண்டு இலக்கத்துக்குள் மறைந்துபோகிறது. கிராமுக்குப் பதில் நூறு கிராமுக்கு விலை போடச் சொல்லியிருந்தால் 17.60, 18.40 என்று பளிச்சென்று தெரிந்திருக்கும்.

மளிகைக்கடை அண்ணாச்சிமார் அப்படித்தான் போடுகிறார்கள். கிலோ 180 ரூபாய்ப் பருப்பில் 350 கிராம் கேட்டால், 'கால் கிலோ நாப்பத்தஞ்சு, நூறு பதினெட்டு, அறுபத்திமூணு' என்று, பில் மெஷினில் தட்டுவதற்குள் வாய் சொல்லிவிடும். பாதி, பாதியில் பாதி என்று வெட்டிக்கொண்டே போகிற பழக்கம் பழைய எண்சுவடியிலேயே உண்டு: கால், அரைக்கால், வீசம். ரூபாய்க்குப் பதினாறணா இருந்தவரை இது வழவழவென்று ஓடியது. படி ஒரு ரூபாயென்றால், படியில் எட்டில் ஒரு பங்கான ஆழாக்கு இரண்டணா. 1957 ஏப்ரல் 1 முதல் ரூபாய்க்கு நூறு காசு என்றானதும் அதே ஆழாக்குக்குப் பன்னிரண்டரைக் காசு என்று இடறியது. நூறை வைத்துக் கணக்குப் போடுவதுதான் லேசு என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுத்தார்கள். பத்தால் வகுக்கிறவர்களுக்கு அது சரி. பாதியாக வெட்டுகிறவர்களுக்குப் பதினாறே வசதி.

தெருவில் வரும் லோடு ஆட்டோவோ கணக்கையே திருப்பிப்போடுகிறது. 'தக்காளி கிலோ நாப்பது, மூணு கிலோ நூறு' என்று ஒலிபெருக்கியில் பதிவு செய்த குரல் திரும்பத் திரும்பக் கூவும். கிலோ 33 ரூபாய்ச் சொச்சம்தானே என்று மூன்று கிலோவையும் பையில் போட்டுக்கொள்கிறோம். இரண்டு பேர் உள்ள வீட்டில் அரை கிலோ அழுகினால், தின்றது இரண்டரை கிலோ. நூறை அதனால் வகுத்தால் விடை பழையபடி நாற்பது. ஒரு கிலோ மட்டும் வாங்கியிருந்தால் கையில் அறுபது ரூபாய் மிஞ்சியிருக்கும்.

எங்கள் தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் சேர்ந்து வாங்குகிறார்கள். ஆளுக்கு ஒன்றரை கிலோ, ஐம்பது ரூபாய். ஆட்டோக்காரர் தராசில் ஒரேயடியாக மூன்று கிலோ நிறுத்துவிடுவார். இரண்டாகப் பிரித்துக்கொள்வது இவர்கள் பாடு. பழுத்ததையும் செங்காயையும் யார் எடுப்பது என்பதில்தான் கொஞ்சம் நேரமாகும்.