ஒலிக்கும் உண்டு பாடபேதம்

மார்கழிக் கச்சேரிகளில் மாண்டலின் ஸ்ரீனிவாஸைக் கேட்டவர்களுக்கு ஒன்று தெரிந்திருக்கும். மீட்டியவுடன் அடங்கிவிடும் இயல்புடைய அந்தக் கருவியில் கமகம் நின்று பேசியதற்கு அவருடைய விரல்கள் முதற்காரணம், மின்சாரம் துணைக்காரணம். இரட்டைத் தந்திகளை விலக்கி, ஒற்றைத் தந்திகள் ஐந்து பூட்டிய மின் மாண்டலின் அது. 2014 செப்டம்பரில் அவர் மறைந்தார். அவருடைய ஒலி என்று இன்று நம் நினைவில் தங்கியிருப்பது விரல், தந்தி, பிக்கப், ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர், அரங்கம் ஆகிய எல்லாம் கலந்த ஒன்று. எது அவர், எது கருவி என்று பிரித்துக் காட்டுவது எளிதன்று.

இந்தப் பிரிக்கவியலாமை அண்மையில் எங்கள்முன் ஒரு வேலையாகவே வந்து நின்றது. நாங்கள் மூவர். இருவர் கல்லூரியில் தமிழ் கற்பிப்பவர்கள், மயிலாப்பூர்வாசிகள். மூன்றாமவர் தியாகராய நகரில் குடியிருப்பவர். மெல்லிசைக் குழுக்களில் முப்பது ஆண்டுகள் கிதார் வாசித்தவர். அவர் குடியிருக்கும் பழைய அடுக்ககத்தை இடித்துக் கட்டப்போகிறார்கள். அதுவரை அவர் போய்த் தங்கவேண்டிய சிறிய வாடகை வீட்டில், ஒரு மூட்டை அரிசியின் கனமுள்ள வால்வு ஆம்ப்ளிஃபயருக்கு இடமில்லை. வால்வுகளும் ஓய்ந்துகொண்டிருந்தன. விற்றுவிடுவது என்று முடிவாயிற்று. அதற்குமுன் அதன் ஒலியையாவது கணினியில் எடுத்துவைக்க வேண்டும் என்றார்.

இளைஞர்கள் இதை ‘கேப்சர்’ என்கிறார்கள். நாங்கள் பிரதியெடுத்தல் என்றே சொல்லிக்கொண்டோம். மெல்லியதும் உரத்ததுமான சோதனை ஒலிகளைக் கணினி ஆம்ப்ளிஃபயருக்குள் அனுப்புகிறது. ஸ்பீக்கர்முன் நிறுத்திய மைக்கின் வழியே திரும்பி வருவதைக் கேட்கிறது. போனதற்கும் வந்ததற்கும் உள்ள வேறுபாட்டைக் கற்றுக்கொள்கிறது. அதன்பின் எந்தக் கிதாரைச் செருகினாலும் அந்த ஆம்ப்ளிஃபயரைப் போலவே மறுமொழி சொல்கிறது. ஜெர்மனியின் கெம்பர் 2010களின் தொடக்கத்தில் இதைப் பரவலாக்கியது. பின்லாந்தின் நியூரல் டிஎஸ்பி 2021இல் குவாட் கார்டெக்ஸைக் கொண்டுவந்தது. நியூரல் ஆம்ப் மாடலர் என்ற மென்பொருளோ இன்று எவருக்கும் இலவசமாகவே கிடைக்கிறது.

கேள்வி எழுந்த இடம் மைக்குக்கும் கணினிக்கும் நடுவில். மைக்கிலிருந்து வரும் மின்னழுத்தம் மிகச் சிறியது. அதை உயர்த்திக் கொடுப்பது ப்ரீஆம்ப். கணினியோடு இணைக்கும் இன்டர்ஃபேஸிலேயே அது உள்ளடங்கி இருக்கிறது. ஆனால் அடையாற்றில் ஒலிப்பதிவுக்கூடம் வைத்திருக்கும் அன்பர் ஒருவர், டிரான்ஸ்ஃபார்மர் கொண்ட தம் தனி ப்ரீஆம்பை இரவலாகத் தர முன்வந்தார். வைப்பதா, வேண்டாமா?

கணக்காகப் பார்த்தால் தேவையில்லை. உரத்து ஒலிக்கும் ஸ்பீக்கர்முன், 1965 முதல் விற்பனையில் உள்ள ஷூர் எஸ்எம்57 போன்ற மைக்கை வைத்தால், அதிகம் உயர்த்தவேண்டிய அவசியமே இராது; இரைச்சலும் பொருட்டன்று. மெல்லிய சமிக்ஞை தரும் ரிப்பன் மைக்குகளுக்கே வலுவான ப்ரீஆம்ப் உண்மையில் உதவுகிறது. தூய்மையான ப்ரீஆம்புகள் இரண்டைக் காதால் வேறுபடுத்துவதும் கடினம். நிறம் ஏற்றும் ப்ரீஆம்பின் கதை வேறு. 1970இல் உருவான நீவ் 1073 போன்றவை கீழ்ச்சுரங்களுக்குச் சற்றே கனம் சேர்க்கின்றன. உந்தினால் லேசாகக் கரகரக்கின்றன. பிரதியெடுக்கும் கணினிக்கு ஆம்ப்ளிஃபயர் எது, ப்ரீஆம்ப் எது என்று தெரியாது. வழியில் உள்ள அனைத்தையும் ஒரே பொருளாகக் கற்றுக்கொள்ளும். பிறகு பிரித்தெடுக்க வழியில்லை.

எங்களுக்கு ஏட்டுச்சுவடிகள் நினைவுக்கு வந்தன. ஏடு எழுதியவர் தம் காலத்து வழக்கையும் தம் ஊர் உச்சரிப்பையும் தம்மை அறியாமலே மூலத்தில் கலந்துவிடுவார். 1887இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சா. பல ஏடுகளை ஒப்பிட்டே பாடம் கண்டார். அவர் பெயரால் 1943இல் தோன்றிய நூல்நிலையம் இன்றும் பெசன்ட் நகரில் இருக்கிறது. அங்கே சுவடி பார்த்துப் பழகியவர்களுக்கு, எழுதியவரின் கை படாத பிரதி என்று ஒன்று இல்லை என்பது புதிய செய்தியன்று. மைக்கை ஓர் அங்குலம் நகர்த்தினாலும் பாடம் மாறுகிறதே!

ஆகவே இரண்டு பிரதிகள் எடுப்பது என்று தீர்மானித்தோம். ஞாயிறு மதியம் மின்விசிறியை நிறுத்தினோம். குளிர்பதனப் பெட்டியை அணைத்தோம். எர்த் இணைப்புச் சரியாக இருந்த ஒரே பிளக்கைத் தேடி அடுக்களைவரை கம்பி இழுத்தோம். இல்லையேல் பழைய வீட்டின் உறுமலும் பிரதியில் ஏறிவிடும். முதற்பிரதி நேரடியாக. இரண்டாவதற்கு, தனி ப்ரீஆம்பின் வெளியீட்டை இன்டர்ஃபேஸின் லைன் உள்ளீட்டில் இணைத்தோம்; மைக் உள்ளீட்டில் கொடுத்தால் இரண்டு ப்ரீஆம்புகளைத் தாண்டிவர நேரும். எதிரொலியோ கம்ப்ரஸரோ இடையில் வைக்கவில்லை. கெயின் குமிழைத் தொடக்கத்தில் அமைத்தபின் முடியும்வரை தொடவில்லை.

பிறகு நண்பர், எது எதென்று அறியாமல் இரண்டிலும் வாசித்தார். தமிழாசிரியர் இருவருக்கும் வேறுபாடு மிக மெல்லியதாகவே பட்டது. அவர் சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, “சார், முதலாவது என் ஆம்ப். பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்கும்போது இப்படித்தான் இருக்கும். இரண்டாவதும் என் ஆம்ப்தான், ஆனால் கேசட்டில் கேட்ட என் ஆம்ப்” என்றார். அவருடைய குழுவின் ஒலிநாடாக்கள் பெரிய கன்சோல்கள் வழியே பதிவானவை. இளமையில் தம் வாசிப்பை அவர் திரும்பக் கேட்டதெல்லாம் ஏதோ ஒரு ப்ரீஆம்பின் நிறத்தோடுதான்.

எது மூலம்? அறையில் அதிர்ந்ததா, ஊரார் கேட்டதா? இரண்டையும் வைத்துக்கொள்ள அவர் விரும்பினார். வெளி ப்ரீஆம்ப் வேண்டுமா என்று கேட்பவர்களுக்கு எங்கள் விடையும் அதுவே. முதலில் அது இல்லாமல் ஒரு பிரதி எடுங்கள். பின்னாளில் நிறம் ஏற்றிக்கொள்ளலாம், ஏற்றிய நிறத்தைக் கழுவ முடியாது. நிறம் உங்கள் நினைவின் பகுதியானால் அதையும் தனிப்பிரதியாக எடுங்கள். இரண்டோடும் குறிப்பு எழுதிவையுங்கள்: எந்த மைக், ஸ்பீக்கரின் நடுவிலிருந்து எவ்வளவு தள்ளி, எந்த ப்ரீஆம்ப், கெயின் எந்த எண்ணில், எந்த நாள். அடிக்குறிப்பு இல்லாத பதிப்பு நாளடைவில் தன்னையே மூலம் என்று நம்பவைத்துவிடும்.

ஆம்ப்ளிஃபயரை வாங்கிச் சென்ற இளைஞரிடம், புது வால்வு போட்டால் அதன் குரல் கொஞ்சம் மாறும் என்று நண்பர் சொல்லி அனுப்பினார். அது மூன்றாவது பாடம்.