வானம் பார்த்த சீமை

சேலம், நாமக்கல் சீமையில் பார்க்க என்ன இருக்கிறது என்று தஞ்சாவூர் நண்பர் ஒருவர் நம்மைக் கேட்டார். வயலும் வாய்க்காலும் அல்லாத வேறெதையும் அழகென்று ஒப்புக்கொள்ளாத கண்கள் அவருடையவை. அவரைச் சித்திரைக் கடைசியில் அழைத்து வந்தது நம்முடைய பிசகுதான்.

இராசிபுரம் வழியாக நாமக்கல் செல்லும் சாலையின் இருபுறமும் செம்மண் காடு. காடு என்றால் புலி உலவும் வனமென்று எண்ண வேண்டாம். புன்செய் நிலத்துக்கு இப்பக்கத்துப் பெயர் அது. சேர்வராயனும் போதமலையும் கொல்லிமலையும் வெயிலில் நீலமாய் நின்றன. நண்பர் வாய் திறக்கவில்லை. சேலம் கடைவீதியில் மல்கோவா மாம்பழத்தை நறுக்கி நீட்டிய பிறகே அவருக்கும் இச்சீமைக்கும் ஒருவாறு சமாதானம் ஏற்பட்டது.

ஆடியில் மறுபடியும் வந்தோம். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலையை அடைந்தபோது, வல்வில் ஓரிக்கு விழா நடந்துகொண்டிருந்தது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய ஓரியை மலைவாசிகள் இன்னும் தங்கள் வீட்டுப் பெரியவரைப் போலவே பேசுகிறார்கள். ஆகாய கங்கையில் நீராடி, அறப்பளீசுவரரைத் தொழுது கீழே இறங்கினால், முதல் மழை பெய்த காடுகளிலெல்லாம் ஏர் பூட்டியிருந்தார்கள். நிலக்கடலையும் சோளமும் விதைக்க இந்தப் பட்டம் தவறினால் அந்த வருஷமே தவறிப்போகும். மேட்டூர் அணை 1934-லேயே எழுந்துவிட்டது. ஆயினும் காவிரி இச்சீமையின் ஓரத்துக்கு மட்டுமே உறவு. மற்றவர்களுக்கு வானந்தான் வாய்க்கால்!

புரட்டாசிச் சனிக்கிழமைகளில் நைனாமலைப் படிகளில் ஜனங்கள் ஏறுவதைப் பற்றி எழுத ஆசைதான். அந்தச் சமயம் நமக்கு முழங்கால் வலி.

கார்த்திகையில் திருச்செங்கோட்டுக்குப் போனோம். சாலையோரம் வரிசையாக நின்ற ராட்சத வண்டிகளைக் கண்டு நண்பர் திகைத்தார். ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் அவை. இந்தியா தேசத்தின் மூலைமுடுக்கெல்லாம் சென்று பூமியைத் துளைப்பவை இவ்வூர் வண்டிகளே. தண்ணீர் இல்லாத ஊரார், ஊருலகத்துக்கெல்லாம் தண்ணீர் தேடிக் கொடுக்கும் விந்தையை என்னென்பது! பக்கத்துப் புதுப்பாளையத்தில் 1925-ஆம் ஆண்டு ராஜாஜி காந்தி ஆசிரமம் அமைத்து, மழை பொய்த்த குடும்பங்களுக்கு இராட்டையால் கஞ்சி வார்க்க முயன்றார். அன்று இராட்டை, இன்று இயந்திரம். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறைகளுக்கும் மூல காரணம் இந்த வறட்சியே என்பார்கள்.

அங்கே ஒரு தோட்டத்தில் மூதாட்டி ஒருத்தி வேகவைத்த கடலையை முறத்தில் கொண்டுவந்து வைத்தாள்.

"தின்னுங்க சாமி, நம்ம காட்டுக் கடலைங்க."

"மகன் எங்கே, ஆத்தா?"

"போர் வண்டியில வடக்கே போயிருக்கானுங்க. பொங்கலுக்கு வருவானுங்க."

கடலையைப் போல இனிப்பான கடலையைத் தஞ்சையில் கண்டதில்லை என்று நண்பர் தாமாகவே சொன்னார். பிறகு எழுந்துபோய்த் தோட்டத்துக் கிணற்றை எட்டிப் பார்த்தார். பாறையை உடைத்துத் தோண்டிய பெருங்கிணறு. தண்ணீர் தெரியவில்லை. பாதியில், கல்லிடுக்கில், ஒரு புறா அடைகாத்துக் கொண்டிருந்தது.