பொட்டி ஏத்த ஆளு வேணும்

மஸ்கட்டில் நான் ஓட்டும் காருக்கு இரண்டே மிதிதான். இடது காலுக்கு அதில் ஒரு சோலியும் கிடையாது. வந்த புதிதில் சிக்னல் சிவப்பானதும் அந்தக் கால் தன்னால் எழும்பி வெறும் தரையை அமுக்கும். பக்கத்தில் இருப்பவர் சிரிப்பார். இப்போது அந்தப் பழக்கம் போய்விட்டது. அது போனதைக் கவனித்ததிலிருந்துதான் கொட்டாரத்து ஒர்க்‌ஷாப் அடிக்கடி நினைப்பில் வருகிறது.

சித்தப்பாவிடம் ஒரு அம்பாசிடர் இருந்தது. மார்க் 3. கொட்டாரம் முக்கில் வாடகைக்கு நிற்கும். கன்னியாகுமரிக்கு வருகிறவர்களைச் சுசீந்திரம், பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு அருவி என்று கொண்டு காட்டுவது ஒரு வரும்படி. கல்யாணம், அடியந்திரம், ஆஸ்பத்திரி ஓட்டம் எல்லாம் இன்னொரு வரும்படி. கியர் கம்பி ஸ்டியரிங் தண்டிலேயே இருந்ததால் முன்சீட்டு ஒரே பலகையாகக் கிடக்கும், நடுவில் ஒரு இடைஞ்சலும் இல்லை. டிரைவரோடு நான்கு பேர் உட்காருவோம். பின்னால் எத்தனை என்று யாரும் எண்ணியது கிடையாது. இந்தச் சுமையோடு குலசேகரம் தாண்டிப் பேச்சிப்பாறைப் பக்கம் ஏற வேண்டும் என்றால், அந்த 1489 சிசி என்ஜின் மூச்சு வாங்கியாவது ஏறிவிடும், அடிபடுவது கிளட்ச்தான்.

கிளட்ச் போகப்போவதை வண்டி முன்கூட்டியே சொல்லும். ஆக்சிலேட்டரை மிதித்தால் என்ஜின் கத்தும், வண்டி எடுக்காது. அடுத்தது ஒரு கருகல் வாடை. சித்தப்பா லேசில் ஒத்துக்கொள்ள மாட்டார். "பெட்ரோலு சரியில்ல" என்பார், "காத்து எதுக்க அடிக்கி" என்பார். ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வருகிற காற்றுக்கு அந்தப் பழியும் பொருந்தும் என்பது வேறு விஷயம். கடைசியில் வேறு வழியில்லாமல் ஆசானிடம் போவார்.

எங்கள் பக்கம் ஒர்க்‌ஷாப் தலைவரை ஆசான் என்றுதான் கூப்பிடுவது. ஆசான் ஒன்றும் பேசாமல் வண்டியில் ஏறுவார். ஹேண்ட்பிரேக்கை இறுக்கி இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விடுவார். கிளட்ச் நல்லதாக இருந்தால் என்ஜின் திணறி நின்றுபோக வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்குவார். "பொட்டியை எறக்கணும்." அவ்வளவுதான் தீர்ப்பு.

பொட்டி என்றால் கியர்பாக்ஸ். கிளட்ச் என்ஜினுக்கும் கியர்பாக்ஸுக்கும் நடுவில் அகப்பட்டுக் கிடப்பதால், பொட்டியை இறக்காமல் அதைத் தொட முடியாது. என்ஜினோடு சுழலும் பிளைவீல் ஒருபுறம், அதன்மேல் முடுக்கிய பிரஷர் பிளேட் மறுபுறம். இரண்டு உள்ளங்கைக்கு நடுவில் பிடித்த தாளைப்போல கிளட்ச் பிளேட் இடையில் நிற்கும். காலை அமுக்கினால் கைகள் தளரும், தாள் சும்மா நிற்கும். காலை எடுத்தால் மறுபடி பிடிக்கும். ஒரு மலையை ஏறுவதும் ஒரு சந்துக்குள் அரை அடி பின்னால் போவதும் இந்தப் பிடியிலும் தளர்விலும்தான் இருக்கிறது.

இறக்குவது பெரிய வித்தையில்லை. புரொப்பல்லர் ஷாஃப்டைக் கழற்றி, மீட்டர் கேபிளையும் கியர் கம்பிகளையும் விடுவித்து, ஸ்டார்ட்டரை உருவி, என்ஜின் அடியில் பலகை வைத்து ஜாக்கி கொடுத்தால் பாதி வேலை முடிந்தது. பிறகு அடியில் இருக்கிற கிராஸ் மெம்பரும் சுற்றிலும் இருக்கிற போல்டுகளும். பொட்டி தன் பாரத்தாலேயே இறங்கிவிடும். வண்டிக்கு அடியில் குழிக்குள் நிற்கிறவன் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினால் போதும்.

உள்ளே இருந்து வரும் பிளேட்டைப் பார்க்கக் கூட்டம் கூடும். லைனிங் தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே தெரியும். அவை பிளைவீலில் வட்டமாகக் கோடு கிழித்திருக்கும். ஆசான் அந்தக் கோட்டில் நகத்தை ஓட்டிப் பார்த்துவிட்டு சித்தப்பாவை ஒரு பார்வை பார்ப்பார். கிளட்ச் மிதியில் எப்போதும் காலை வைத்துக்கொண்டு ஓட்டுகிறவர் என்பதற்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். பிளேட்டுக்கு நாகர்கோவிலில் புது லைனிங் அடித்து வாங்கி வருவோம். புதுப் பிளேட் வாங்குவது என்பது சித்தப்பா அகராதியில் இல்லை. பிளைவீல் ஹவுசிங்குக்குள் படிந்திருக்கும் கறுப்புத் தூசியை வாயால் ஊதியே சுத்தம் செய்வார்கள். அந்தக் காலத்து லைனிங்கில் இருந்தது அஸ்பெஸ்டாஸ். ஏக்கத்தோடு எழுதும்போதும் இதைச் சொல்லாமல் விடக்கூடாது.

எனக்கு அன்றைக்கு மந்திரமாகத் தெரிந்தது ஸ்பிகாட் புஷ் கழற்றியதுதான். கிராங்கின் பின்முனையில் ஒரு குருட்டுத் துளை. அதற்குள் விரல் அளவு வெண்கலப் புஷ். கியர்பாக்ஸிலிருந்து வரும் தண்டின் நுனி அதில்தான் உட்காரும். பின்னாலிருந்து தட்ட வழியில்லை, முன்னாலிருந்து பிடித்து இழுக்கவும் பிடி கிடையாது. ஆசான் துளை நிறையக் கிரீஸை அடைத்தார். துளைக்குச் சரியாகப் பொருந்தும் ஒரு தண்டை வைத்துச் சுத்தியலால் நாலு அடி. போக இடமில்லாத கிரீஸ் புஷ்ஷின் பின்பக்கம் போய் நெருக்க, புஷ் தானாக நழுவி வெளியே வந்து விழுந்தது. இயற்பியல் புத்தகத்தில் பாஸ்கல் விதியைப் பிறகு படித்தபோது எனக்கு அது பழைய கதையாக இருந்தது.

பிளைவீலைத் திறந்துபோட்டு ராத்திரி விடமாட்டார்கள். கடல் ஐந்தாறு கிலோமீட்டரில் இருக்கிறது. விடிவதற்குள் உப்புத்தாள் போட்டுத் துலக்கிய முகத்தில் செம்மண் நிறம் படிந்துவிடும். அதனால் பிளேட் வரும் அன்றே ஏற்ற வேண்டும். ஏற்றுவதுதான் கதை.

கிளட்ச் பிளேட்டை நட்டநடுவில் நிறுத்திவிட்டுப் பிரஷர் பிளேட்டை முடுக்க வேண்டும். ஒரு நூல் விலகினாலும் தண்டு உள்ளே போகாது. நடுவில் நிறுத்த ஆசானிடம் ஒரு கட்டை இருந்தது. பூவரசு மரத்தில் கடைசல் பிடித்தது. நுனி மெலிந்து புஷ்ஷுக்குள் போகும், அடி தடித்துப் பிளேட்டின் பல்லுக்குள் பொருந்தும். எத்தனையோ வண்டிகளின் எண்ணெய் ஊறி அது கருங்காலிபோல ஆகியிருந்தது. கட்டையை நிறுத்திக்கொண்டு எதிரெதிர் போல்டாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்குவார். முடித்துவிட்டுக் கட்டையை இழுத்தால் தடையில்லாமல் வழுக்கிக்கொண்டு வர வேண்டும்.

பிறகுதான் ஆள் வேண்டும். கனமான பொட்டியைக் குழியிலிருந்து தலைக்கு மேல் தூக்கி, அசையாமல் நேராகப் பிடிக்க இரண்டு பேர் போதாது. ஆசான் குரல் கொடுப்பார். சாயாக் கடையில் ரசவடை தின்றுகொண்டிருந்தவர் கையைத் துடைத்துக்கொண்டு வருவார். பஸ்ஸுக்கு நின்றவர் பையை மரத்தடியில் வைத்துவிட்டுக் குழிக்குள் இறங்குவார். அடுத்த வாடகை வண்டிக்காரர், அதாவது சித்தப்பாவின் சவாரியை அன்று காலையில்தான் தட்டிப் பறித்தவர், அவரும் தோள் கொடுப்பார். யாருக்கும் கூலி கிடையாது. கட்டன் சாயா உண்டு.

எனக்கும் ஒரு வேலை இருந்தது. பழைய அம்பாசிடரை முன்னாலிருந்து ஹேண்டில் போட்டுச் சுற்றிக் கிளப்பலாம். தண்டின் பல்லும் பிளேட்டின் பல்லும் நேருக்கு நேர் வராவிட்டால் பொட்டி முட்டிக்கொண்டு நிற்கும். அப்போது என்ஜினை ஒரு மயிரிழை திருப்பிக் கொடுக்க வேண்டும். ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டு நான் வண்டியின் முன்னால் குத்தவைத்திருப்பேன். அடியிலிருந்து குரல் வரும்.

"மக்கா, ஒரு பொட்டு சுத்து."

சுற்றுவேன்.

"கூடிப்போச்சு. இன்னொரு பொட்டு. மெதுவா... மெதுவாலே! மதி, மதி!"

பல் பல்லுக்குள் விழும் சத்தம் ஹேண்டில் வழியாக என் உள்ளங்கைக்கு முதலில் வந்துவிடும்; காதுக்குப் பிறகுதான். கடைசி அரை அங்குலத்துக்குப் போல்டைப் போட்டு இழுக்கலாம் என்று யாராவது யோசனை சொன்னால் ஆசானுக்குக் கோபம் வரும். தானாக உட்காராத பொட்டியை இழுத்து உட்கார வைத்தால் பிளேட் வளையும் என்பது அவர் கட்சி. அது சரிதான். ஆனாலும் கையால் அசைத்து அசைத்து அது உட்காரும்வரை குழிக்குள் இருந்தவர்களின் தோள் என்ன பாடுபட்டிருக்கும் என்று இப்போதுதான் யோசிக்கிறேன். ஹேண்டில் பிடித்த பயலுக்கு அது தெரியாது. நான் இல்லாவிட்டால் வண்டி ஓடாது என்ற நினைப்பு மட்டும்தான் தெரியும். பெரியவர்கள் வேலையில் ஒரு சிறுவனுக்கு இப்படி மெய்யான இடம் இருந்ததைத்தான் நான் தேடுகிறேன் போலிருக்கிறது.

எல்லா வண்டிக்கும் இந்தக் கூட்டம் தேவைப்படவில்லை. சென்னை வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்டு ஹெரால்டில் சீட்டை எடுத்துவிட்டு, உள்ளே நடுவில் இருக்கும் மூடியைக் கழற்றினால், பொட்டியைக் காருக்குள் இருந்தே வெளியே எடுத்துவிடலாம். புத்திசாலித்தனமான வண்டி. எங்கள் முக்கில் அது நின்றதாக நினைவில்லை. பத்துப் பேரை ஏற்றும் வண்டிதானே இங்கே செல்லும்!

அம்பாசிடரின் கியரும் ஒழுங்கான கியர் என்று சொல்ல மாட்டேன். முதல் கியருக்குச் சிங்க்ரோமெஷ் கிடையாது. வண்டி நின்ற பிறகு போடாவிட்டால் கரகரவென்று ஊரைக் கூட்டும். கம்பிகளின் புஷ் தேய்ந்தால் நடுவழியில் கியர் சிக்கிக்கொள்ளும். சித்தப்பா பானட்டைத் திறந்து கம்பியைக் கையால் தட்டிவிட்டு ஒன்றும் நடக்காததுபோல வந்து உட்காருவார். இந்தத் தொல்லையெல்லாம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸுக்கும் தெரியும். 1990-களின் தொடக்கத்தில் இசுசு என்ஜினோடு வந்த 1800 ஐ.எஸ்.இசட்.டில் ஐந்து கியர், அதுவும் தரையில். ஓட்டச் சுகம். ஆனால் முன்சீட்டு இரண்டாகப் பிரிந்துவிட்டது. நடுவில் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டு போகும் பிள்ளைக்கு இடமில்லாமல் போயிற்று.

கிளட்ச் மிதி இல்லாத கியரை அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபில் 1940 மாடல் வண்டிகளிலேயே கொடுத்துவிட்டது. நம் ஊர் நடுத்தர வீடுகளுக்கு அது வந்து சேர்ந்தது 2014 பிப்ரவரியில், மாருதி செலேரியோவின் ஏ.எம்.டி. வழியாக. அந்த வண்டியில் கிளட்ச் இருக்கிறது. பிளேட், பிரஷர் பிளேட் எல்லாம் இருக்கிறது. மிதிக்கிற வேலையை மட்டும் காலிடமிருந்து வாங்கி ஒரு கருவியிடம் கொடுத்துவிட்டார்கள். அதே வருஷம் மே மாதம் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸின் உத்தரபாரா ஆலையில் அம்பாசிடர் தயாரிப்பு நின்றது.

இங்கே மஸ்கட்டின் வாதி கபீரில் ஒரு கராஜில் பொட்டி ஏற்றுவதைப் பார்த்தேன். வண்டி மேலே தொங்குகிறது. கீழே ஹைட்ராலிக் ஸ்டாண்டு. ஒரே ஒரு பையன், காதில் பாட்டு, காலால் ஸ்டாண்டை மிதித்து மிதித்து ஏற்றிவிட்டான். தோளும் நெஞ்சும் பிழைத்தன, நல்லதுதான். நான் பக்கத்தில் போய் நின்றேன். வழியை மறைக்காமல் தள்ளி நிற்கச் சொன்னான்.

சித்தப்பா இப்போது இல்லை. வண்டி இருக்கிறது, தம்பி வீட்டு ஓட்டுச் சாய்ப்பில். போன வாரம் தம்பி கூப்பிட்டான். ரெண்டு மழைக்காலமும் ஓட்டாமல் கிடந்ததில் பிளேட் பிளைவீலோடு துருவேறி ஒட்டிக்கொண்டதாம்.

"அண்ணே, மிதிச்சா கிளட்ச் விடமாட்டேங்கு. ஆசான்ட்ட கேட்டேன். கண்ணு தெரியாது, சேர்ல உக்காந்து சொல்லித் தாரேன்னுட்டாரு. அஞ்சு கியர் பொட்டி பழசு ஒண்ணு கெடைக்கும், தரையில கியர் வச்சிரலாம்னு ஒருத்தன் சொல்லுதான்."

"அது வேண்டாம். பழைய பொட்டியே இருக்கட்டும்."

"எனக்கும் அதான். மகளும் முன்சீட்டு நடுவுலதான் இருப்பேன்னு நிக்கா. ஹேண்டிலு அவ சுத்துவா. அடியில தாங்கத்தான் ஆளில்ல. நானும் பக்கத்து வீட்டு அத்தானும்தான். நீங்க எப்ப வாறீய?"

சித்திரையில் லீவு கேட்டிருக்கிறேன். அதற்குள் பிளேட்டுக்கு லைனிங் அடித்து வைக்கச் சொல்லியிருக்கிறேன், அஸ்பெஸ்டாஸ் இல்லாததாகப் பார்த்து. அந்தப் பூவரசுக் கட்டை ஆசான் வீட்டில் எங்கேயோ கிடக்கிறதாம், தேடச் சொல்லியிருக்கிறது.